ஒகேனக்கல் பரிசல்: துடுப்புக் காம்பு நீளமா இருக்கணுமா, குட்டையா இருக்கணுமா?

தர்மபுரி மாவட்டம் ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் மீன் வறுவல், எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல் முடிந்ததும் நேராகப் போவது பரிசல் துறைக்குத்தான். பரிசலில் ஏறியதும் எல்லோர் கண்ணும் அருவி மேல். ஓட்டுகிறவர் கையில் இருக்கும் துடுப்பை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அத்தனை பேர் உயிரும் அந்த ஒற்றைத் துடுப்பில்தான் இருக்கிறது.

மூங்கில் பிளாச்சைப் பின்னி, அடியில் தண்ணீர் புகாமல் மூடிய வட்டக் கூடைதான் பரிசல். குறுக்களவு சுமார் 7 அடி. அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் ஷீட் வந்தது. இதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. படகு போல ஒரு பக்கமாக மட்டும் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். (சுற்றுலாப் பயணிகளைக் குஷிப்படுத்த வேண்டுமென்றே சுற்றிவிடுவதும் உண்டு!) அதனால் துடுப்பை முன்னால் நீட்டிப் போட்டு, தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அப்போதுதான் பரிசல் நகரும்.

காம்பு நீளம் முக்கியமாவது இங்கேதான். மேல் கை காம்பின் நுனியைப் பிடிக்கிறது, கீழ் கை இழுக்கிறது. காம்பு ரொம்ப நீளமாக இருந்தால் மேல் கை தலைக்கு மேலே போய்விடும். தோள்பட்டை சீக்கிரம் வலிக்கும். துடுப்பைப் பக்கம் மாற்றும்போது உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் இடிக்கும்.

சரி, வெட்டிக் குறைத்துவிடலாமே? கொஞ்சம் குறைத்தால் நல்லதுதான். கை நெஞ்சு உயரத்துக்கு வரும், சட்டென்று திருப்பலாம். ஆனால் அளவுக்கு மீறி வெட்டினால் வம்பு. பலகை தண்ணீரில் முழுசாக முங்க, ஓட்டுகிறவர் விளிம்புக்கு வெளியே சாய வேண்டும். அவர் சாய்ந்தால் அந்தப் பக்க விளிம்பும் தாழும். அதே நேரம் போட்டோ எடுக்க நாலு பேர் அந்தப் பக்கமே சாய்ந்தால் என்ன ஆகும்? தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

இன்னொன்று, ஒகேனக்கல்லில் காவிரி பாறை இடுக்கில் ஓடுகிறது. பரிசல் பாறையில் மோதப் போனால் துடுப்பால்தான் உந்தித் தள்ள வேண்டும். குட்டைத் துடுப்பு எட்டாது.

வெட்டுவதாக இருந்தால் பலகைப் பக்கம் கை வைக்கவே கூடாது, பிடிக்கும் நுனியில்தான் வெட்ட வேண்டும். அதுவும் ஒரே வெட்டாக இல்லை. விரல் அளவு வெட்டி, கரையோரம் ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். வெட்டியதை ஒட்ட முடியாதே! நுனியை இழைக்காமல் விட்டால் உள்ளங்கை கிழியும்.

என்ஜின் வைத்த வண்டிக்கும் இதே கணக்குத்தான். கவாசாகி நிறுவனம் 1973ல் விற்பனைக்குக் கொண்டு வந்த ஜெட் ஸ்கீ, நின்றபடி ஓட்டும் வண்டி. அதில் ஹேண்டில் ஒரு நீளக் கம்பத்தின் நுனியில் இருக்கும். கம்பத்தின் அடி, மூக்குப் பக்கம் கீல் போட்டு மாட்டியிருக்கும். சாகசம் செய்கிறவர்கள் அந்தக் கம்பத்தை வெட்டிக் குறைப்பது உண்டு. ஆள் முன்னால் வருவார், எடையும் முன்னால் வரும். வளைத்துக் குட்டிக்கரணம் போட வசதி. உயரமான ஆளுக்கோ குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். தவிர கம்பத்தை வெட்டினால் உள்ளே போகும் கேபிள்கள் மிச்சமாகி மடங்கும். ஆக்சிலேட்டர் கேபிள் மடங்கிச் சிக்கினால் வண்டி நிற்காது. பரிசலில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பரிசலில் வேறு ஆபத்து. 2015ல் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 6 பேர் பலியானார்கள். லைப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது என்று சொல்வது சும்மா இல்லை.

பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எகிறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். ஓட்டிகளுக்கு அன்றைக்கு வருமானம் போச்சு. தடை இல்லாத நாளில் ஏறுகிறவர்கள் லைப் ஜாக்கெட் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நடுவில் நெருக்கி உட்கார வேண்டும். ஓட்டுகிறவர் வலப்பக்கம் துடுப்பு போட்டால் வலப்பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். செல்பியைக் கரைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம்.