பாசிட்டிவ் என்றதும் பதற வேண்டாம்

பாதுகாப்பற்ற உறவு. நாலே நாளில் சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை. 'ஹெர்ப்பிஸ் ஐ.ஜி.எம். பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்தால் தூக்கம் போய்விடுகிறது.

ஆனால் ஐ.ஜி.எம். நம்பத்தக்கதல்ல, பழைய தொற்றிலும் அது தலைகாட்டும். வகை பிரித்துச் சொல்லும் ஐ.ஜி.ஜி. சோதனையே மேல். அது பாசிட்டிவாக 12 வாரம்கூட ஆகலாம். முதல் வகை பாசிட்டிவ் என்றால் அதிசயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு அது உண்டு. பலருக்குச் சிறுவயதிலேயே வந்தது. இரண்டாம் வகையில் அளவு 3க்குக் கீழே என்றால் முடிவு தவறாகவும் இருக்கலாம். வேறொரு சோதனையால் உறுதி செய்ய வேண்டும்.

முன்கூட்டியே மாத்திரை விழுங்கினால் தொற்று வராது என்பதற்கு ஆதாரமில்லை. கொப்புளம் தோன்றினால் தாமதிக்காமல் திருப்பதி ருயா போன்ற அரசு மருத்துவமனைகளின் தோல், பால்வினை நோய்ப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். புண்ணிலிருந்து எடுக்கும் திரவத்தில் பி.சி.ஆர். செய்தால் விஷயம் தெளிவாகும். வழக்கமான சிகிச்சை: அசைக்ளோவிர் 400 மி.கி., தினம் மூன்று வேளை, 7 நாள். வைரஸ் ஒழியாது, அடங்கும்.

அவசரம் வேறொன்றில்தான். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஹெர்ப்பிஸ் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.