வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுக் கணக்கு

கூத்தாநல்லூரில் மாலை ஏழு மணி என்றால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ஒன்பதரை. துபாயில் ஐந்தரை. குவைத்திலும் ரியாத்திலும் நாலரை. கடிகாரத்தைப் பார்க்காமலே இந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிற பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு. திருவாரூர் மாவட்டத்தில் 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயரெடுத்த ஊர் இது. சுற்றிலும் நெல் வயல். ஆனால் குடும்பங்களின் வருமானம் பல தலைமுறைகளாகக் கடல் தாண்டித்தான் வருகிறது. மஃரிப் தொழுகை முடிந்து பிள்ளைகள் நோட்டை விரிக்கும் நேரமும், வெளிநாட்டிலிருந்து அத்தாவோ மாமாவோ போன் போடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த நேரத்தில் நோட்டில் இருப்பது பெரும்பாலும் கணக்கு. ஐந்தாம் வகுப்பு வரை பெரிய பிரச்சினை இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் எண்களுக்கு நடுவே எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்கள் இருக்கின்றன என்கிறது பாடப்புத்தகம். விகிதம், விகிதசமம், முழுக்கள், இயற்கணிதம் என்று ஏழாம் வகுப்பு முடிவதற்குள் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிவிடுகிறார்கள். "டியூஷன்ல கேட்டுக்கோ" என்பது ஒரு பதில். "போன்ல பாத்துக்கோ" என்பது இன்னொரு பதில்.

போனில் என்ன கிடைக்கிறது என்பதுதான் விஷயம். கணக்கின் மேல் கேமராவைக் காட்டினால் விடை சொல்லும் போட்டோமேத் செயலி 2014-லேயே வந்துவிட்டது. 2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியான பிறகு, கணக்கைத் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விடை வாங்கலாம் என்றாகிவிட்டது. பத்து வரியில் படிப்படியாக விடை வருகிறது. பிள்ளை அதை நோட்டில் பார்த்து எழுதுகிறது. மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் டிக் விழுகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

இந்த நிம்மதியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 'நேர் மற்றும் எதிர் விகிதங்கள்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் வருவது போன்ற ஒரு கணக்கை டெல்டா மண்ணுக்கு ஏற்ப எடுத்துக்கொள்வோம். ஒரு வயலை 6 ஆட்கள் 4 நாளில் நட்டு முடிப்பார்கள் என்றால், 8 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்? முந்தைய பக்கத்தில் நேர் விகிதம் போட்டுப் பழகிய பிள்ளை, அதே சூட்டில் நாலை எட்டால் பெருக்கி ஆறால் வகுத்து ஐந்தே மூன்றில் ஒரு பங்கு நாள் என்று எழுதிவிடும். செயலியைக் கேட்டால் மூன்று நாள் என்று வரும். பிள்ளை பழைய விடையை அழித்துவிட்டு மூன்று என்று எழுதும். விடை சரி. ஆனால் எந்த இடத்தில் வழி தவறியது என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது, ஏனென்றால் தவறு அழிந்துபோயிற்று.

அதே நோட்டைப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் ஒரே கேள்வி போதும். "ஆளு கூடுனா நாளு கூடுமா, குறையுமா?" நடவுக்கு ஆள் விடும் ஊரில் இதற்குப் பதில் தெரியாத பிள்ளை இருக்காது. குறையும் என்று வாயால் சொன்ன கணமே, தான் எழுதிய ஐந்தே சொச்சம் எப்படித் தப்பு என்பது அதற்கே பிடிபட்டுவிடும். அடுத்து, 12 ஆட்கள் ஒரு நாளில் 2 மா நிலத்தில் நட்டால் 18 ஆட்கள் எத்தனை மா நடுவார்கள் என்று கேட்க வேண்டும். இங்கே ஆள் கூடினால் பரப்பும் கூடும், 3 மா. இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் நேர் எது, எதிர் எது என்பது புரியும். சூத்திரம் அதற்குப் பிறகு வரட்டும்.

இணையவழிக் கணக்கு உதவி என்று இன்று உலகம் பேசுவதில் ஒரு முக்கியப் பகுதி தொடங்கியதே இப்படி ஒரு குடும்பத் தொலைபேசி அழைப்பில்தான். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நிதித் துறையில் வேலை பார்த்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் நடுநிலை வகுப்பில் படித்த உறவுக்காரச் சிறுமி நாடியாவுக்குத் தொலைவிலிருந்தபடி கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் தொலைபேசி, இன்னொரு பக்கம் இருவரும் எழுதிப் பார்க்க யாஹூ டூடுல் பலகை. அவ்வளவுதான் கருவி. அந்தப் பெண் தடுக்கி நின்றது அலகு மாற்றத்தில். ஊகித்து மழுப்பக் கூடாது, தெரிந்தால் துணிந்து சொல், இல்லையென்றால் புரியவில்லை என்று சொல் என்று அவளிடம் கான் கேட்டுக்கொண்டதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவள் தேறினாள். மற்ற உறவுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நேரம் போதாமல் 2006-இல் யூடியூபில் வீடியோக்களைப் போட்டார். 2008-இல் கான் அகாடமி லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானது. உலகம் அந்த வீடியோக்களைக் கொண்டாடியது. ஆனால் நாடியாவைத் தேற்றியது வீடியோ அல்ல. மறுமுனையில் காத்திருந்து கேட்ட ஒரு மனிதர்.

அலகு மாற்றம் என்றதும் நம் டெல்டா நினைவுக்கு வருகிறது. தஞ்சை வழக்கில் ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி, கிட்டத்தட்ட 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அப்படியானால் 'மூணு மா ஒரு ஏக்கர்' என்று வாய்வழக்கில் சொல்வது எத்தனை சதுர அடி குறைவு? விடை 360. பத்திரத்தில் சென்ட், பேச்சில் மா, பாடப்புத்தகத்தில் சதுர மீட்டர் என்று மூன்று அலகும் புழங்கும் வீடுகள் இவை. நாடியா தடுமாறிய பாடத்துக்கு இங்கே வீட்டிலேயே உதாரணம் கிடைக்கிறது. எந்தச் செயலியும் தானாக இதைக் கேட்காது, மாமா கேட்கலாம்.

இதற்கிடையில் இந்திய ஆசிரியர்களின் இணையவழி டியூஷன் பெரிய தொழிலாகவும் ஆனது. 2005-இல் பெங்களூரில் கே. கணேஷ் தொடங்கிய டியூட்டர்விஸ்டா, இங்குள்ள ஆசிரியர்களைக் கொண்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது. 2011-இல் அதன் பெரும்பங்கை பியர்சன் நிறுவனம் வாங்கியது. பிறகு பைஜூஸ் வந்தது. 2022-இல் 2,200 கோடி டாலர் என்று மதிக்கப்பட்ட அந்த நிறுவனம், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. பெற்றோர் இதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: ஆறாம் வகுப்புக் கணக்குக்காகக் கடன் வாங்கி வருடச் சந்தா கட்டத் தேவையில்லை.

காசில்லாமல் கிடைப்பது தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறது. 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் குறியீடுகள் உள்ளன. ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வருகிறது. 2019 ஆகஸ்ட் 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அந்த நெடிய இடைவெளியில் பல வீடுகளுக்கு வகுப்பறையாக இருந்தது இந்தத் தொலைக்காட்சிதான். 2023 ஜூலையில் மணற்கேணி செயலி வந்தது. பாடங்கள் சிறு சிறு வீடியோக்களாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும், கட்டணம் இல்லாமல். நல்ல முயற்சிகள். ஆனால் எல்லாமே ஒருவழிப் பாதை. வீடியோவைப் பத்து முறை ஓட்டிப் பார்த்தாலும், பிள்ளையின் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இந்தக் குறையை உணர்ந்த திட்டம் ஒன்று இருந்தது. 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வி, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அந்தந்தத் தெருவிலேயே தன்னார்வலர்களை மாலை நேரத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தே, புரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடக்கூடிய ஆட்கள் அவர்கள்.

விடையைக் கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இப்போது நல்ல சான்று இருக்கிறது. துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சாட்ஜிபிடி போன்ற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சிக் கணக்குப் போட்டவர்களின் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாமலே படித்தவர்களைவிட அவர்கள் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றியமைத்த கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் ஏற்படவில்லை. ஆகவே கருவியையே குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. அதனிடம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொரு சான்று ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. கூத்தாநல்லூருக்கு இதுவே அதிகம் பொருந்தும். கொரோனாக் காலத்தில் போட்ஸ்வானா நாட்டில் சுமார் 4,500 குடும்பங்களில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை கணக்கு எஸ்எம்எஸ் மட்டும் போயிற்று. இன்னொரு பகுதியினருக்கு எஸ்எம்எஸ்ஸோடு, ஆசிரியர் ஒருவர் சுமார் இருபது நிமிடம் போனில் பேசினார். ஸ்மார்ட்போன் இல்லை, இணையம் இல்லை. எஸ்எம்எஸ் மட்டும் கிடைத்த பிள்ளைகளிடம் சொல்லும்படி முன்னேற்றம் இல்லை. போனில் பேசியவர்களிடம் தெளிவான முன்னேற்றம் இருந்தது. 2022-இல் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு இருபது நிமிடம்! நம் வீடுகளில் ஒரு நாளைக்கே அதைவிட அதிகமாகப் போன் ஓடுகிறது.

"ராமானுஜன் யாரிடம் போய்க் கேட்டார்? தானாகவே படித்தாரே" என்று சில பெற்றோர் சொல்வதுண்டு. அருகிலுள்ள கும்பகோணத்துக்காரர் என்பதால் அவர் பெயர் இந்தப் பக்கத்தில் சட்டென்று வாயில் வந்துவிடும். நடந்தது அப்படியல்ல. துணிக்கடையில் கணக்கெழுதிய அவர் அப்பாவின் சம்பளம் போதாமல், வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். அவர்களிடம் இருந்துதான் சிறுவன் ராமானுஜனுக்கு லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகம் கிடைத்தது. பதினாறு வயதில் கையில் கிடைத்த கார் எழுதிய தொகுப்பு நூலோ, லண்டனில் தனிப்பயிற்சி நடத்திய ஒருவர் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காகத் தொகுத்தது. சுமார் 5,000 தேற்றங்கள். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. அந்த இடைவெளிகளை ராமானுஜன் சிலேட்டில் தானே போட்டு நிரப்பினார். விடை மட்டும் இருக்கும் புத்தகத்திலிருந்து கணிதம் கற்றுக்கொள்ள ஒரு ராமானுஜனால் முடிந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அந்த இடைவெளியில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

ஆள் தேவைப்படும் பிள்ளைகள் கொஞ்சம் பேரல்ல. இந்தியக் கிராமப்புறங்களில் நடத்தப்படும் ஏசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி, எட்டாம் வகுப்பு மாணவர்களில் 45.8 சதவீதம் பேர்தான் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கிறார்கள். அதே அறிக்கையில், 14 முதல் 16 வயது வரையிலானவர்களில் 82.2 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிகிறது. போன் தெரிந்த அளவுக்கு வகுத்தல் தெரியவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர் இதில் செய்யக்கூடியது எளிது. முதலில், கேள்வியின் படத்தை வாங்காதீர்கள். பிள்ளை போட்டுப் பார்த்த பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தலோடு இருந்தால் இன்னும் நல்லது. எந்த வரி வரை சரி என்று மட்டும் குறித்து அனுப்புங்கள். –7லிருந்து –3ஐக் கழிக்கச் சொன்னால் பிள்ளை –10 என்று எழுதியிருக்கலாம். –4 என்று பதில் போடுவதைவிட, "ஏழு ரூபா கடன் இருக்கு, அதுல மூணு ரூபா கடனைத் தள்ளுபடி செஞ்சாச்சு, மிச்சம் எவ்வளவு?" என்று குரல் பதிவு அனுப்பினால் பிள்ளையே விடைக்கு வந்துவிடும். துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் படமும் குரல் பதிவும் போகும். இந்த வேலைக்கு அவை இன்னும் வசதி. வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகு பொறுமையாகப் பார்க்கலாம். பிள்ளைக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

அப்படி ஆள் இல்லாத வீடுகளில் செயற்கை நுண்ணறிவுச் செயலியைத்தான் திறப்பார்கள் என்றால், "விடையைச் சொல்லாதே, நான் எங்கே தப்பு செய்தேன் என்று மட்டும் சொல்" என்று முதலிலேயே எழுதச் சொல்லுங்கள். தமிழில் கேட்டால் சில சமயம் கலைச்சொற்களைக் குழப்பிவிடும், கணக்கையே தப்பாகப் போடுவதும் உண்டு. புத்தகத்தின் கடைசிப் பக்க விடையோடு ஒத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

கல்லூரிகளும் தூரத்தில் இல்லை. நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், திருவாரூரில் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி, மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி அரசு கலைக் கல்லூரி என்று கணிதம் படிக்கும் அண்ணன்களும் அக்காள்களும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியருக்குத் தெரிந்து, பெற்றோர் பக்கத்தில் இருக்க, வாரம் ஒரு மாலை ஆளுக்கு இரண்டு பிள்ளைகளின் நோட்டை அவர்கள் போனில் பார்த்தால் போதும். கூத்தாநல்லூர் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் வெளிநாடுகளில் உள்ள ஊர் ஜமாஅத்துகளும் இந்தக் கல்வியாண்டிலேயே இதைப் பேசி ஆரம்பிக்க வேண்டும். கட்டடத்துக்கும் கணினிக்கும் தாராளமாகக் கொடுத்த ஊர்க்காரர்களிடம் இப்போது கேட்பது வாரத்துக்கு இருபது நிமிடம்.