ஒரே ‘ப’... ரெண்டு சத்தம்! ஸ்ரீபெரும்புதூர் பெயருக்குள் இருக்கும் ஒலியியல்

ஸ்ரீபெரும்புதூர். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பெ’ வரும்போது சத்தம் வன்மையாக வருகிறது. அடுத்து வரும் ‘பு’வோ மென்மையாகிவிடுகிறது. எழுத்து அதே ‘ப’தான். இப்படிச் சொல்லணும்னு யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் யாரும் தப்பாகச் சொல்வதில்லை.

என்ன நடக்கிறது?

தொண்டையில் விரலை வைத்து ‘அப்பா’, ‘அம்பு’ என்று சொல்லுங்கள். ‘அப்பா’வில் நடுவே அதிர்வு ஒரு கணம் நின்றுவிடும். ‘அம்பு’வில் நிற்காது. உதடு மூடுவது ரெண்டிலும் ஒன்றுதான், குரல்நாண்களின் வேலைதான் வேறு. இப்படி ஒரு சத்தம் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பதுதான் ஒலியியல். தொல்காப்பியத்தில் இதற்கென்றே ‘பிறப்பியல்’ என்று ஒரு பகுதி இருக்கிறது.

சரி, ரெண்டு சத்தத்துக்கு ஏன் ஒரே எழுத்து? இங்கேதான் ஒலியனியல் வருகிறது. எந்தச் சத்த வித்தியாசத்தை ஒரு மொழி கணக்கில் எடுத்துக்கொள்கிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதே அதன் கேள்வி. தமிழ்ச் சொல்லின் முதலிலும், இரட்டிக்கும்போதும் வல்லினம் வன்மையாக ஒலிக்கும். மெல்லினத்துக்குப் பிறகும், உயிர்களுக்கு நடுவிலும் மென்மையாகும். ‘படப்பை’யில் ‘ப’ ரெண்டும் வன்மை, ‘ட’ மென்மை. ‘ஒரகடம்’ல ‘க’, ‘ட’ ரெண்டுமே மென்மை. இடத்தைப் பார்த்தாலே சத்தம் தெரிந்துவிடும்போது தனி எழுத்து எதற்கு? இந்த ஒழுங்கைத்தான் கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட தன் ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழிகளின் முக்கிய அடையாளமாகக் காட்டினார். தமிழில் எழுத்து குறைவு என்று கிண்டல் செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எப்படி எழுதுவது என்று ஏகப்பட்ட குழப்பம், விமர்சனம். சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. எழுத்தைப் பார்த்து மாற்றுவதா, சத்தத்தைக் கேட்டு மாற்றுவதா என்பது அவ்வளவு லேசான கேள்வி இல்லை.

இந்திக்காரர் காதுக்கு?

ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. ‘கண்’ணில் வரும் வன்மையான சத்தத்தில் ‘கால்’ என்றால் இந்தியில் காலம். அதையே காற்றை ஊதிச் சொன்னால் தோல். ‘தங்கம்’ல வரும் மென்மையான சத்தத்தில் சொன்னால் கன்னம். சத்தம் மாறினால் பொருள் மாறுகிறது, அதனால் அங்கே மூன்றும் தனித்தனி ஒலியன்கள். நாம் மூன்றையும் ‘கால்’ என்றே எழுதுவோம்! பதிலுக்கு, ‘புலி’யும் ‘புளி’யும் அவர்கள் காதில் ஒன்றாகவே விழலாம்.

கொரியர்களுக்கு இந்தப் ‘ப’ புதுசு இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் தயாரிக்கிறது. அந்த நிறுவனத்தின் தாய்நாட்டில் கணவன் மனைவியைப் ‘புபு’ என்பார்கள். முதல் ‘பு’ ‘புலி’யில் வருவது மாதிரி, அடுத்தது ‘அம்பு’வில் வருவது மாதிரி. கொரிய எழுத்திலும் ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான். உடனே ரெண்டும் ஒரே குடும்ப மொழி என்று கிளம்பிவிட வேண்டாம், இது உறவுக்கு ஆதாரம் ஆகாது. அவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். கொரிய மொழியில் ‘ர’வும் ‘ல’வும் ஒரே ஒலியன் என்பதால் ‘பார்’, ‘பால்’ குழப்பும்.

தமிழும் மாறுகிறதா?

‘கேஸ் போட்டாங்க’, ‘கேஸ் லீக் ஆகுது’. எழுதினால் ரெண்டும் ஒன்று. பேசும்போது வழக்குக்கு வன்மையான சத்தம், வாயுவுக்கு மென்மையான சத்தம். கழுத்தில் கட்டும் டையும், உலோக வார்ப்புக்கான டையும் அப்படித்தான். சொல்லின் முதலில் வராது என்றிருந்த மென்மையான சத்தம் கடன்சொற்கள் வழியாக உள்ளே வந்து பொருளையும் பிரிக்கிறது. அப்படியானால் அது தமிழில் புது ஒலியனா, இல்லை கடன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் விருந்தாளியா என்பதில் மொழியியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஷாப் ஃப்ளோரில் ஒருவர் ‘கேஸ்!’ என்று கத்தினால், ஓடணுமா வேண்டாமா என்பதை அந்த முதல் சத்தம்தான் சொல்கிறது.