மாநிற முகத்துக்கு எந்த ஒளி?

நம் ஊரில் பல வருடம் லாரி ஓட்டியவரின் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜன்னலோரம் இருந்த வலக்கை, இடக்கையைவிடக் கறுத்துத் தடித்திருக்கும். இதையே முகத்தில் காட்டிய ஒரு புகைப்படம் 2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. சிகாகோவைச் சேர்ந்த சரும மருத்துவர்கள் வெளியிட்ட படம் அது. 28 ஆண்டுகள் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய இடது கன்னம் தடித்து, தொங்கி, ஆழமாக வரி விழுந்து கிடந்தது. வலது கன்னத்தில் அதில் பாதிகூட இல்லை. முகம் ஒன்று, வயதும் ஒன்று. வெயில் மட்டும் ஒரு பக்கமாக விழுந்திருக்கிறது. தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யுவி-பி கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். யுவி-ஏ உள்ளே வந்து, தோலின் அடியடுக்கில் இருக்கும் கொலாஜனையும் எலாஸ்டினையும் சிதைக்கும்.

இப்படி ஒளியால் கெட்ட தோலை ஒளியாலேயே சரிசெய்யலாம் என்று இன்று தெருவுக்கு ஒரு கிளினிக் சொல்கிறது. அதில் உண்மை இருக்கிறது. ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1983-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்கான அடிப்படையை எழுதினார்கள். தோலில் உள்ள ஒவ்வொரு பொருளும் தனக்கு ஏற்ற அலைநீள ஒளியை அதிகமாக உறிஞ்சுகிறது. கருந்திட்டில் மெலனின் என்ற நிறமி, சிவந்த ரத்தநாளத்தில் ஹீமோகுளோபின், மற்ற இடங்களில் தண்ணீர். சரியான அலைநீளத்தை, சூடு அக்கம்பக்கம் பரவ நேரம் கொடுக்காமல் ஒரு நொடியின் சிறு பங்கில் பாய்ச்சினால், குறிவைத்த இடம் மட்டும் வெந்துபோகும். லேசர் தருவது ஒரே அலைநீளம். ஐபிஎல் எனப்படும் இன்டென்ஸ் பல்ஸ்டு லைட், செனான் விளக்கின் பளிச்சொளி. ஏறக்குறைய 500 முதல் 1,200 நானோமீட்டர்வரை எல்லாம் அதில் கலந்திருக்கும். வேண்டாத பகுதியை ஃபில்டர் போட்டு வெட்டுவார்கள். 1990-களின் நடுவில் கால் ரத்தநாளங்களுக்காக வந்த இந்தக் கருவி, முகத்துக் கருந்திட்டையும் சிவப்பையும் குறைக்கிறது என்று தெரிந்ததும் ‘போட்டோ ஃபேஷியல்’ ஆகிவிட்டது.

ஒரு சிட்டிங் அரை மணி நேரத்துக்குள் முடியும். கண்ணுக்குக் கறுப்புக் கவசம், முகத்தில் குளிர்ந்த ஜெல். கைப்பிடியின் முனையில் இருக்கும் சின்னச் செவ்வகக் கண்ணாடியைத் தோலில் பதித்து அழுத்துவார்கள். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் தெரியும், சுருக்கென்று சுடும். அன்று மாலையே கருந்திட்டு இன்னும் கறுக்கும். பயப்பட வேண்டாம், மெலனின் வெந்திருப்பதன் அடையாளம் அது. சில நாளில் அந்த இடம் காபித் தூள் ஒட்டியதுபோலச் சொரசொரத்து, வாரம் பத்து நாளில் முகம் கழுவும்போது தானாக உதிரும். மூன்று நான்கு வார இடைவெளியில் மூன்று முதல் ஐந்து சிட்டிங் சொல்வார்கள்.

இதெல்லாம் வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்ட கதை. வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் வகுத்த அளவுகோல், பின்னால் ஆறு வகையாக விரிந்தது. நம்மில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறுக்குள் வருவோம். நம் தோலில் மெலனின் திட்டில் மட்டும் இல்லை, மேலடுக்கு முழுக்க இருக்கிறது. வெயிலிலிருந்து நம்மைக் காப்பாற்றி, சுருக்கத்தைப் பல ஆண்டு தள்ளிப்போடுவதும் அதுதான். ஆனால் ஐபிஎல் ஒளி உள்ளே போவதற்கு முன்பே அதைக் குடித்துச் சூடாகிவிடுவதும் அதே மெலனின்தான். அளவு தவறினால், கண்ணாடி முனை பதிந்த இடமெல்லாம் செவ்வகம் செவ்வகமாகப் புண்ணாகும். புண் ஆறிய பிறகும் தடம் கறுத்தோ வெளுத்தோ மாதக்கணக்கில் நிற்கும். கன்னத்தில் கட்டம் போட்டதுபோன்ற அந்தத் தழும்பைப் பார்த்தாலே தெரியும், ஐபிஎல் என்று.

அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1,064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரைப் பாதுகாப்பானதாகக் கருதுவது அதனால்தான். ஐபிஎல்தான் என்றால் ஃபில்டர் வெட்டும் அலைநீளம் கூட வேண்டும், ஆற்றல் குறைய வேண்டும், குளிரூட்டல் நன்றாக இருக்க வேண்டும், முதலில் காதோரம் ஒரு பேட்ச் டெஸ்ட். கறுப்பு நிறத்தவர்களுக்கு ஐபிஎல் கருவியைத் தொடவே மாட்டோம் என்கிற மருத்துவர்களும் உண்டு. அவர்கள் பக்கம்தான் நானும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மங்கு. நம் ஊரில் ‘கன்னம் கறுத்துவிட்டது’ என்று வரும் பெண்களில் பலருக்கு இருப்பது வெயில் புள்ளி அல்ல, மங்கு. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை, வெயில் எல்லாம் சேர்ந்து வருவது. சூடும் ஒளியும் அதைத் தூண்டிவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்குள் பதுங்கியிருக்கும் மங்கு, ஐபிஎல் பட்டதும் வெளியே வந்துவிடுவதை ஜப்பான் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ‘லேசர் டோனிங்’ என்ற பெயரில் குறைந்த ஆற்றலில் அடிக்கடி 1,064 லேசர் அடித்தால் மங்கு வெளுக்கும். நிறுத்திய சில மாதத்தில் பலருக்குத் திரும்பி வரும். சிட்டிங் கூடிப்போனால் அரிசி அரிசியாக வெள்ளைப் புள்ளி விழும் ஆபத்தும் இருக்கிறது. மங்குக்கு முதல் மருந்து சன்ஸ்கிரீனும் மருத்துவர் எழுதும் க்ரீமும். லேசர் அதற்கெல்லாம் பின்னால். அந்த க்ரீமையும் மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசாதீர்கள். பல க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் மெலிந்து, சிவந்து, ரத்தநாளம் தெரிய, விட்டால் எரியும், விடாவிட்டால் கெடும் என்கிற நிலைக்கு வந்த முகங்கள் நம் நாட்டுச் சரும மருத்துவர்களுக்குத் தினசரிக் கவலை.

சுருக்கத்துக்கு வேறு வழி. 2004-ல் வந்த ஃப்ராக்‌ஷனல் முறையில், லேசர் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்தூண்களாக மட்டும் காயம் செய்யும். இடையில் விட்ட நல்ல தோல் அதை ஆற்றிக்கொண்டே புதுக் கொலாஜனைக் கட்டும். தொங்கிய தாடையை எந்த ஒளியும் தூக்கி நிறுத்தாது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கருவிகளை ‘வெள்ளையாக்கும் பேக்கேஜ்’ என்று கல்யாணப் பெண்களிடம் விற்கிறார்கள். கெட்ட தோலைச் சீர்படுத்தக் கண்டுபிடித்ததை, பிறந்த நிறத்தையே நோயாக்கி அதற்கு மருந்தாக விற்பது எனக்குத் தாங்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் ஆரோக்கியமான கறுப்புத் தோலில் சரிசெய்ய எதுவுமே இல்லை.

சேதம் உண்மையாகவே இருந்து சிகிச்சைக்குப் போகிறீர்கள் என்றால், முதலில் அந்தப் புள்ளி என்ன என்று எம்.டி. டி.வி.எல். படித்த சரும மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். அபூர்வமாகப் புற்றுநோயும் கருந்திட்டு வேடத்தில் வரும். அதை லேசரால் மேலாக அழித்துவிட்டால் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். கருவியைப் பிடிக்கப்போவது யார், என் நிறத்தவர்களுக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் வாயோரம் அக்கி வந்த வரலாற்றையும் மறைக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ ஒரு மாதம் வெயிலில் திரிந்துவிட்டு டொரன்டோவோ லண்டனோ திரும்புகிறவர்கள், போய்ச் சேர்ந்த வாரமே ஐபிஎல்லுக்கு உட்காரக் கூடாது. கறுத்தது தெளிய நாலு வாரமாவது விடுங்கள்.

செலவில்லாமல் இல்லை, ஆனால் செலவு குறைவான வழி ஒன்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டு கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு என்று 2013-ல் முடிவு வந்தது. அவர்கள் வெள்ளையர்கள். நம் நிறத்தில் மங்குத் திட்டைக் கறுக்கவைப்பது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். அதைச் சாதாரண சன்ஸ்கிரீன் தடுப்பதில்லை. தடுப்பது அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசான மண் நிறச் சன்ஸ்கிரீன். கடையில் ‘டின்டட்’ என்று கேட்டு, பின்னால் அச்சிட்டிருக்கும் பட்டியலில் அயர்ன் ஆக்சைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.