மின் கித்தார் வாங்கிய வீடு

சுந்தரபாண்டியத்தில், தறி ஓடும் ஒரு வீட்டிற்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். கல்லூரியில் பயிலும் அவ்வீட்டு மகன், தான் சேர்த்த பணத்தில் பழைய மின் கித்தார் ஒன்றை மதுரையிலிருந்து வாங்கி வந்திருந்தான். அதன் தலைப்பகுதியில் ‘கிவ்சன்’ என்று எழுதியிருந்தது. உலகப் புகழ் பெற்ற அமெரிக்க ‘கிப்சன்’ பெயரைத் தப்பும் தவறுமாக எழுதிய போலி இது என்று நண்பர்கள் நகைத்தனராம். தந்தை கலங்கியிருந்தார். “சார், பயல ஏமாத்திட்டாங்களா? நீங்கதான் பாத்துச் சொல்லணும்” என்றார்.

ஏமாற்றவில்லை. கிவ்சன் என்பது கொல்கத்தாவில் கித்தார் செய்யும் ஒரு நிறுவனத்தின் சொந்தப் பெயர். கிப்டோன், ஹோப்னர் ஆகியனவும் நம் நாட்டுப் பெயர்களே. அயல்நாட்டுக் கருவிகளைத் தருவிப்பது அரிதாயிருந்த 1991-க்கு முந்தைய காலத்தில், நம் இளைஞர்களின் கைகளில் தவழ்ந்தவை பெரும்பாலும் இத்தகைய உள்நாட்டுக் கித்தார்களே. பெயரும் வடிவும் மேனாட்டாரைப் பின்பற்றியவை என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியரின் ஐபனேஸ் கித்தார்களின் தலைவடிவம் தங்களுடையதைப் போலிருக்கிறதென்று கிப்சனின் உரிமையாளர்கள் 1977-இல் அமெரிக்காவில் வழக்கே தொடுத்தனர். அந்த ஐபனேஸ் இன்று தனிப் பெருமையுடன் விளங்குகிறது.

ஆகவே, விலை குறைந்த கித்தாரை வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது அது யாருடையது, எங்கே செய்யப்பட்டது என்பதே. ஃபெண்டர் நிறுவனம் தன் மலிவு வகைக்கு ‘ஸ்குவயர்’ என்று பெயரிட்டு 1982-இல் ஜப்பானில் செய்யத் தொடங்கியது. ‘ஜே.வி.’ என்ற எழுத்துகளுடன் தொடங்கும் அக்காலத்து எண்களை உடையவற்றை இன்று சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். பிற்கால ஸ்குவயரில் ‘ஐ.சி.எஸ்.’ என்று எண் தொடங்கினால் அது இந்தோனேசியாவில் கோர்ட் தொழிற்சாலையில் செய்தது. அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். எண் 2012 என்று கூற, விற்பவர் ‘போன வருஷம் வாங்கியது’ என்று கூறினால், நீங்கள் யாரை நம்ப வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மரமும் சாட்சி சொல்லும். விரல் பதியும் கரும்பலகை முன்பெல்லாம் பெரும்பாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் விளையும் ஈட்டி மரமாகவே இருந்தது. ஈட்டி இனங்களின் பன்னாட்டு வணிகத்திற்கு 2017 தொடக்கத்தில் கட்டுப்பாடு வந்தபோது, மலிவுக் கித்தார் செய்வோர் பலர் வேறு மரங்களுக்கு மாறினர். ‘இந்தியன் லாரல்’ என்று அவர்கள் விலைப்பட்டியலில் மிடுக்காக எழுதுவது வேறொன்றுமில்லை, நம் கருமருதுதான்! 2019 இறுதியில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்ட பின்னரும் கருமருது நிலைத்துவிட்டது.

மதுரைக் கித்தாரை வாசித்துப் பார்த்தேன். விரல் வலித்தது, சுருதி சேரவில்லை. இளைஞர் பலர் இந்த நிலையில்தான் ‘நமக்கு இசை வராது’ என்று கருவியைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். குற்றம் விரலில் இல்லை. ஆறு தந்திகளும் சேர்ந்து அந்தக் கழுத்தை ஏறத்தாழ 38 கிலோ எடையின் விசையுடன் இழுக்கின்றன. பாவின் இழுப்புச் சற்றுப் பிசகினாலும் துணி என்னவாகும் என்பது நெசவாளர் வீட்டாருக்குத் தெரியாததா? தந்தை உடனே புரிந்துகொண்டார்.

அந்த இழுப்பை எதிர்த்து நிற்கக் கழுத்தினுள் ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் மெட்டிலும் ஒருங்கே அழுத்திப் பிடித்தால், ஏழாம் மெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவே இடைவெளி இருத்தல் வேண்டும். மிகுந்தால் தண்டின் திருகை வலப்புறமாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுநாள் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு முறுக்கித் தண்டை ஒடித்தவர்கள் உண்டு. பின்னர், பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரம் 2 மில்லிமீட்டருக்கு மேற்படாதவாறு குதிரையைத் தாழ்த்தலாம். அந்த மெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலி, அதே இடத்தில் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியைவிடக் கூர்மையாயிருந்தால், குதிரையைச் சிறிது பின்னுக்கு நகர்த்த வேண்டும். துருவேறிய தந்திகளையும் மாற்றினோம். சில நூறு ரூபாய்தான் செலவு. திருகைத் திருப்புகையில் எழுந்த கரகரப்பு, உள்ளூர் ரேடியோ மெக்கானிக் கான்டாக்ட் கிளீனர் தெளித்ததும் அகன்றது. இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

அன்றாடம் செய்ய வேண்டியது ஒன்றே: வாசித்து முடித்ததும் வியர்வையைத் துணியால் துடைத்தல். பலகையில் தேங்காய் எண்ணெய் தடவும் பாட்டிமார் வைத்தியம் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும்.

இனி, பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி. மின் கித்தாரின் உயிர், காந்தத்தைச் சுற்றி மயிரிழைக் கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றிய சுருள். எஃகுத் தந்தி அதிர, சுருளில் மின்னோட்டம் தோன்றும். அது மிக நுண்ணியது. அதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் தந்திகள் குதிரை வழியாக ஆம்ப்ளிஃபயரின் இரும்புக் கூட்டோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. கூட்டில் மின்சாரம் கசிந்து, வீட்டில் எர்த் இணைப்பும் இல்லையெனில், அது நேரே வாசிப்பவனின் விரலுக்கு வரும். ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கித்தார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். வயது 27.

கூத்து மேடையாயினும் கோவில் பாடகர் குழுவாயினும், மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை ஒடித்துவிட்டு இரண்டு துளைப் பலகையில் செருகும் வழக்கம் நம்மிடம் உண்டு. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது இயல்பே. விரலிலோ, மைக்கை நெருங்கும் உதட்டிலோ ‘சுருக்’கென்றால், அக்கணமே நிறுத்திவிட வேண்டும். ‘லேசாத்தான் அடிக்குது’ என்று சிரித்துக்கொண்டே வாசிப்பது பேதைமை.

அந்த வீட்டிலும் பார்த்தேன். சுவரில் மூன்று துளை இருந்தது. மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை! ஊர் எலக்ட்ரீசியனை அழைத்து, முற்றத்தில் குழி தோண்டி எர்த் அமைத்து, கசிவு கண்டதும் தானே அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்தினார் தந்தை. கித்தாரின் விலையை நெருங்கிவிட்டது அச்செலவு. அவர் முணுமுணுக்கவில்லை. வேலை முடியும் வரை, மின் இணைப்பில்லாமலே திண்ணையில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தான் பையன். இதே மலைத்தொடரின் மறுபுறத்துப் பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜாவின் மெட்டு ஒன்று, தறிச் சத்தத்திற்கிடையே விட்டு விட்டுக் கேட்டது.