ஆங்கிலத் தொடர்வினைகளும் தமிழ் வினையமைப்பும்: கற்போர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் ஓர் ஒப்பாய்வு

1. முன்னுரை

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் 'போஸ்ட்போன்' என்னும் வினையைத் தயக்கமின்றி ஆள்வதையும், அதே பொருளில் அன்றாடப் பேச்சில் வழங்கும் 'புட் ஆஃப்' என்பதைத் தவிர்ப்பதையும் ஆங்கில வகுப்புகளில் காணலாம். 'புட்' என்பதும் 'ஆஃப்' என்பதும் தொடக்க வகுப்பிலேயே அறிமுகமாகும் சொற்கள். ஆயினும் 'வை', 'அப்பால்' என்னும் இரு பொருள்களையும் கூட்டினால் 'தள்ளிப்போடு' என்னும் பொருள் கிடைப்பதில்லை. வினையும் அதனை அடுத்து வரும் இடைச்சொல்லும் இணைந்து ஒரு பொருள் தரும் இத்தகைய அமைப்பினை இக்கட்டுரை தொடர்வினை என்று குறிக்கும். ஆங்கில இலக்கணத்தார் வழங்கும் 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயர், லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவியது. அப்பெயரை ஹென்றி பிராட்லி தமக்குப் பரிந்துரைத்ததாக அவர் குறிப்பிடுகிறார். இவ்வினைகள் அயல்மொழியாளர்க்குப் பெருந்தடையாக உள்ளன என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டு அகராதியின் முன்னுரையிலேயே சுட்டியுள்ளார்.

இத்தடைக்குத் தாய்மொழி எவ்வளவு காரணம் என்பது பிற்காலத்தில் ஆராயப்பட்டது. ஹீப்ரு பேசும் மாணவர் தொடர்வினைகளை விலக்கி ஒற்றைச்சொல் வினைகளையே நாடுவதை டகுட், லாஃபர் ஆகியோர் 1985இல் எடுத்துக்காட்டி, ஹீப்ருவில் இவ்வமைப்பு இல்லாமையே காரணம் என்றனர். டச்சு மொழியில் இவ்வமைப்பு உண்டு. எனினும், டச்சுத் தொடர்களை மிகவும் ஒத்துத் தோன்றும் மரபுப்பொருள் தொடர்களை டச்சு மாணவர் ஐயுற்று விலக்கினர் என்று ஹல்ஸ்டைன், மார்ச்சேனா ஆகியோர் 1989இல் கண்டனர். ஆகவே தாய்மொழியில் இன்மை மட்டுமன்று, ஒப்புமையும் தயக்கத்தை விளைவிக்கக்கூடும்.

இவ்வரிசையில் தமிழ் எங்கு நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. வடிவத்தை மட்டும் நோக்கின் தமிழ் ஹீப்ருவின் பக்கம் நிற்கும். தமிழில் வினைக்குப்பின் இடைச்சொல் வந்து புதுவினை ஆக்குவதில்லை. ஆனால் ஆங்கில இடைச்சொல் ஆற்றும் பணிகளைத் தமிழ் தன் வினையமைப்பில் வேறு வேறு இடங்களில் பகிர்ந்து வைத்துள்ளது. அவ்விடங்களை அறிந்தால் கற்பித்தலும் மொழிபெயர்ப்பும் எளிதாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

2. திசைப்பொருள்

தொடர்வினைகளில் எளியவை இடைச்சொல் தன் திசைப்பொருளிலேயே நிற்பவை. 'சுவிம் அக்ராஸ்' என்பதில் வினை இயக்கத்தின் முறையையும் இடைச்சொல் இயக்கத்தின் வழியையும் உணர்த்துகின்றன. தமிழில் இதனை 'நீந்திக் கடந்தான்' என்கிறோம். ஆங்கில இடைச்சொல் தமிழில் முதன்மைவினையாகிறது. ஆங்கில முதன்மைவினை தமிழில் வினையெச்சமாகிறது. இரண்டின் நிலைகளும் தலைகீழாகின்றன. 'ரன் அவுட்' என்பது 'ஓடி வெளியேறு' எனவும், 'க்ரால் இன்' என்பது 'தவழ்ந்து நுழை' எனவும் வருவன இதன்பாற்படும்.

இயக்கத்தின் வழியை வினையடியிலேயே வைக்கும் மொழிகள், வினைக்குப் புறத்தே வைக்கும் மொழிகள் என லெனர்ட் டால்மி வகுத்த பாகுபாடு இங்குப் பொருந்துகிறது. நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, கட, திரும்பு என்னும் வினையடிகள் தமிழை முதல் வகையிலும், இடைச்சொற்கள் ஆங்கிலத்தை இரண்டாம் வகையிலும் சேர்க்கின்றன. 'வெளியே ஓடினான்' என்றும் தமிழில் கூறலாம். ஆனால் அது உள்ளிருந்து வெளியே சென்றதையும் உணர்த்தும். வெளிப்புறத்தில் ஓடிக்கொண்டிருந்ததையும் உணர்த்தும். வழியைத் தெளிவுறக் காட்ட வேண்டிய இடத்தில் வினையடியை ஆள்வதே ஏற்றது.

3. துணைவினையின் பணி

3.1 வினைமுடிவு

'ஈட்' என்னும் வினை செயலின் முடிவெல்லையைக் காட்டுவதில்லை. 'ஈட் அப்' காட்டுகிறது. எனவே 'ஃபார் அன் அவர்' என்னும் கால அடை முன்னதோடு இயையும், பின்னதோடு இயையாது. பின்னது 'இன் அன் அவர்' என்பதையே ஏற்கும். தமிழில் 'ஒரு மணி நேரம் தின்றான்' என்பது இயல்பானது. 'ஒரு மணி நேரம் தின்று தீர்த்தான்' என்பது பொருந்தாது. 'ஒரு மணி நேரத்தில் தின்று தீர்த்தான்' என்பது பொருந்தும். ஆங்கிலத்தில் 'அப்' செய்வதைத் தமிழில் 'தீர்' என்னும் துணைவினை செய்கிறது. அவ்வாறே 'டாக் ஆன்' என்பதன் தொடர்ச்சிப்பொருளைப் 'பேசிக்கொண்டே இரு' என்பதில் உள்ள துணைவினை தருகிறது.

'ட்ரை ஆன்' என்பது இன்னும் தெளிவான சான்று. 'சட்டையைப் போட்டுப்பார்' என்னும் தமிழ்த் தொடரில் 'ஆன்' என்னும் இடைச்சொல்லின் பொருள் 'போடு' என்னும் முதன்மைவினையிலும், 'ட்ரை' என்னும் வினையின் பொருள் 'பார்' என்னும் துணைவினையிலும் அமைந்துள்ளன. சொல்லுக்குச் சொல் நிகர் தேடுவோர்க்கு இங்கு எதுவும் கிட்டாது. அமைப்புக்கு அமைப்பு தேடுவோர்க்கு முழு நிகரும் கிட்டும்.

3.2 தமிழ் கேட்கும் கூடுதல் வினா

இவ்வொப்புமை ஒன்றுக்கு ஒன்று என்னும் பட்டியலாகாது. 'ரைட் டவுன்' என்பதைத் தமிழாக்குவோர் 'எழுதிவை', 'எழுதிக்கொள்', 'எழுதிப்போடு' என்னும் மூன்றனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். பின்னாளைய பயன் கருதியதாயின் 'வை'. எழுதுவோர் தம் பொருட்டாயின் 'கொள்'. பெரிதும் பொருட்படுத்தாத செயலாயின் 'போடு'. ஆங்கிலம் இவ்வேறுபாட்டைச் சூழலுக்கு விட்டுவிடுகிறது. தமிழ் இலக்கணம் விடை கேட்கிறது. மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் சூழலிலிருந்து அவ்விடையைப் பெற்றாக வேண்டும்.

பேசுவோரின் மனநிலையும் இவ்வாறே புலப்படுகிறது. சலிப்பின்றி மிகுதியாக எழுதிக் குவிப்பதைச் சற்றே இகழ்ச்சி தோன்றக் கூறும் 'சர்ன் அவுட்' என்பதற்கு 'எழுதித் தள்ளு' மிக நெருங்கியது. எரிச்சலோடு ஒருவரை அகலச் சொல்லும் 'க்ளியர் ஆஃப்' என்னும் கொச்சை வழக்கிற்குப் 'போய்த் தொலை' நிகராகும். 'அகன்று செல்' என்று பெயர்த்தால் செய்தி வரும், எரிச்சல் வராது. தமிழ்த் துணைவினைகளின் இம்மனநிலைப் பொருள்களை ஹெரால்ட் ஷிஃப்மன், இ. அண்ணாமலை ஆகியோரின் ஆய்வுகள் விரிவாக விளக்கியுள்ளன. அவ்விளக்கங்களை மொழிபெயர்ப்புக்கும் பயன்படுத்தல் தகும்.

4. பொருள் திரிந்த தொடர்கள்

உறுப்புகளின் பொருளிலிருந்து முழுமையின் பொருளை உய்த்துணர இயலாத தொடர்வினைகளே கற்போரை மிகவும் மருட்டுவன. ஆனால் இந்நிகழ்வு தமிழர்க்குப் புதிதன்று. 'கிவ் இன்' என்பதற்கு நிகரான 'விட்டுக்கொடு' என்பதில் 'விடு', 'கொடு' என்னும் இரண்டும் இணங்கிப்போதலை நேரே உணர்த்துவதில்லை. 'காட்டிக்கொடு', 'தட்டிக்கழி', 'ஒத்துப்போ', 'தள்ளிப்போடு' ஆகியனவும் அத்தகையவே. 'கெட் ஆன் வித்' என்பதை 'ஒத்துப்போ' என்பதனோடும், 'ஓன் அப்' என்பதை 'ஒப்புக்கொள்' என்பதனோடும் இணைத்துக் காட்டினால், தம் மொழியில் நாள்தோறும் கையாளும் ஓர் அமைப்பின் மறுவடிவையே எதிர்கொள்வதை மாணவர் உணர்வர்.

தமிழில் இன்னொரு வளமும் உண்டு. இடப்பெயரோ சினைப்பெயரோ வினைக்கு முன் நின்று ஒரு சொல்லாதல் அது. 'கம் ஃபார்வர்ட்' - 'முன்வா'. 'புட் ஃபார்வர்ட்' - 'முன்வை'. 'பேக் அவுட்' - 'பின்வாங்கு'. 'பிரிங் அவுட்' - 'வெளியிடு'. 'டேக் அப்' - 'மேற்கொள்'. 'ஸ்டெப் இன்' - 'தலையிடு'. 'கிவ் அப்' - 'கைவிடு'. ஆங்கிலம் வினைக்குப் பின் வைப்பதைத் தமிழ் வினைக்கு முன் வைக்கிறது. வினை இறுதியில் நிற்கும் மொழியில் இது எதிர்பார்க்கத்தக்கதே.

சில இடங்களில் எழுவாயே மாறும். வீட்டில் சர்க்கரை இல்லாமற்போனதை ஆங்கிலத்தில் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்' என்பர், எழுவாய் வீட்டார். தமிழில் 'சர்க்கரை தீர்ந்துவிட்டது', எழுவாய் சர்க்கரை. 'நாங்கள் சர்க்கரையைத் தீர்த்துவிட்டோம்' என்று எழுவாயைக் காத்துப் பெயர்த்தால், இல்லாமற்போன நிலை வேண்டுமென்றே செய்த செயலாகத் திரிந்துவிடும்.

5. பிரிதலும் பிரியாமையும்

பொருளினும் தொடரமைப்பே மிகுந்த இடர் தருவது என்று கருத இடமுண்டு. 'டர்ன் டவுன்' என்பதன் இரு உறுப்புகளுக்கும் இடையே செயப்படுபொருள் வரலாம்: 'ஷி டர்ன்டு தி ஆஃபர் டவுன்'. செயப்படுபொருள் மாற்றுப்பெயராயின் இடையில் வருதல் கட்டாயம்: 'ஷி டர்ன்டு இட் டவுன்'. தமிழில் இந்நெகிழ்ச்சி இல்லை. 'நண்பனைக் காவலரிடம் காட்டிக்கொடுத்தான்' என்பது நம்பிக்கைத் துரோகம். 'நண்பனைக் காட்டிக் காவலரிடம் கொடுத்தான்' என்றவுடன் மரபுப்பொருள் மறைந்து உறுப்புகளின் நேர்ப்பொருளே எஞ்சுகிறது.

எனவே தமிழ் மாணவர் 'டர்ன்டு' என்பதைக் கேட்டதும் அதன் பொருளை முடிவுசெய்துவிடுகின்றனர். சில சொற்களுக்குப் பின் வரும் 'டவுன்' அவர்களுக்குத் தனிச்சொல்லாகத் தோன்றுகிறது. அகராதியில் 'டர்ன்' என்பதைத் தேடி, 'திரும்பு', 'திருப்பு' என்னும் பொருள்களைக் கண்டு மயங்குவதும் இதனாலேயே. தொடர்வினைகளைச் சேர்ந்த வடிவில் மட்டும் மனப்பாடம் செய்வித்தல் போதாது. பிரிந்த வடிவிலும் இனங்காணப் பயிற்றுதல் வேண்டும். 'லுக் ஆஃப்டர்' போன்ற பிரியாத் தொடர்வினைகளை 'லுக் அப்' போன்ற பிரியும் தொடர்வினைகளோடு இணைத்து ஒப்பிட்டுக் காட்டுதலும் தேவை.

6. வழக்குநிலை

ஆங்கிலத்தில் பெரும்பான்மைத் தொடர்வினைகள் பேச்சுவழக்கின் பாற்பட்டவை. அவற்றிற்கு நிகரான இலத்தீன், பிரெஞ்சு வழிச் சொற்கள் எழுத்துவழக்கின் பாற்பட்டவை. தமிழிலும் இரு படிகள் உள்ளன. 'போஸ்ட்போன்' - 'ஒத்திவை'; 'புட் ஆஃப்' - 'தள்ளிப்போடு'. 'டாலரேட்' - 'சகி'. 'புட் அப் வித்' - 'பொறுத்துக்கொள்'. வினையெச்சமும் வினையும் சேர்ந்த அமைப்புகள் பொதுவாகப் பேச்சுக்கு அணுக்கமானவை. 'மேற்கொள்', 'முன்வை' போன்றவை எழுத்துக்கு உரியவை.

ஆகவே நான்காம் பகுதியில் காட்டிய இணைகளைச் சூழலறியாது கையாளலாகாது. நாடகத்தில் ஒரு தாய் தன் மகனிடம், அவன் கிதார் பழகத் தொடங்கியதைப் பற்றி 'டேக் அப்' என்று கூறுமிடத்தில், 'கிதார்ப் பயிற்சியை மேற்கொண்டாய்' என்பது பொருளால் சரி, வழக்கால் பிழை. 'கிதார் கத்துக்க ஆரம்பிச்சே' என்பதே அத்தாயின் குரல். தொடர்வினையை அகராதி வழியே எழுத்துவழக்குச் சொல்லாக மாற்றிக்கொண்டே செல்லும் மொழிபெயர்ப்பில் பாத்திரங்கள் அனைவரும் ஒரே அலுவலகக் குரலில் பேசத் தொடங்குவர்.

இந்திய ஆங்கிலத்தின் வழக்குகளையும் இங்குக் கருத வேண்டும். 'பாஸ் அவுட்' என்பது இந்தியாவில் படிப்பை முடித்து வெளியேறுதலைக் குறிக்கும்; பிரித்தானிய, அமெரிக்க ஆங்கிலப் பேச்சில் பெரும்பாலும் மயங்கி விழுதலைக் குறிக்கும். எழுதியவர் எவ்வழக்கினர் என்பதை அறியாமல் இத்தொடரைப் பெயர்த்தல் இயலாது.

7. கடன்சொற்கள் தரும் சான்று

இடைச்சொல் தன்பொருளில் நிற்கும் தொடர், முழுமையும் ஒரு சொல்லான தொடர் என்னும் பாகுபாட்டைத் தமிழ்ப் பேச்சே உறுதிசெய்கிறது. 'லைட்டை ஆஃப் பண்ணு', 'ஃபேனை ஆன் பண்ணு' என்னும் வழக்குகளில் 'டர்ன்', 'சுவிட்ச்' என்னும் ஆங்கில வினைகள் விடப்பட்டு, இடைச்சொல் மட்டும் கொள்ளப்பட்டுள்ளது. வினையின் இடத்தைத் தமிழின் 'பண்ணு' நிரப்புகிறது. சுவிட்சுகளில் இவ்விரு சொற்களே பொறிக்கப்படுவதும் இதற்குத் துணைசெய்திருக்கலாம். மாறாக, 'பிக்கப் பண்ணு', 'செட்டப் பண்ணு' என்பவற்றில் இரு உறுப்புகளும் ஒட்டி ஒரே சொல்லாக வந்துள்ளன. பொருளைத் தாங்குவது எது என்பதைத் தமிழ் பேசுவோர் இலக்கணம் படிக்காமலேயே பகுத்துணர்ந்துள்ளனர்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு தொடர்வினையிடத்தும் எழுப்பத்தக்க மூன்று வினாக்கள் பெறப்படும். இடைச்சொல் திசையைக் காட்டுகிறதா? ஆயின் அதனை வினையடியாக்குக. வினைமுடிவையோ தொடர்ச்சியையோ மனநிலையையோ காட்டுகிறதா? ஆயின் துணைவினையை நாடுக. இரண்டுமின்றி முழுமையும் பொருள் திரிந்ததா? ஆயின் தமிழின் கூட்டுவினைகளுள் நிகர் தேடுக. இம்மூன்றன் பின்னரும் கிடைத்த வடிவின் வழக்குநிலையை மூலத்தோடு ஒப்பிடுக.

அகராதித் துறையிலும் செய்யத்தக்கது உண்டு. கௌயி, மக்கின் ஆகியோர் 1975இல் தொகுத்த அகராதி ஆங்கிலத் தொடர்வினைகளைத் தலைச்சொற்களாக்கியது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தமிழ்த் துணைவினைகளைத் தனிப்பதிவுகளாக்கியது. இவ்விரு நெறிகளையும் இணைத்து, ஆங்கில இடைச்சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய தமிழ் வினையமைப்பை எடுத்துக்காட்டுடன் தரும் இருமொழிக் கையேடு ஒன்று உருவாக்கப்படின், 'புட் ஆஃப்' என்பதற்கு முன் தயங்கி நிற்கும் மாணவர்க்கும் 'ஒத்திவை' என்று எழுதிவிட்டு நிறைவின்றி நிற்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அது ஒருங்கே பயன்படும்.