பார்சல் அனுப்ப எது சீப்? கவுண்டருக்குப் போறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

இன்னிக்கு டெக் கிடையாது, தபால். சிரிக்காதீங்க, இதுவும் ஒரு ஆப்டிமைசேஷன் பிராப்ளம்தான். அதுல நான் சொதப்பின கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ராஜபாளையத்துல என் சித்தி பொண்ணு குரூப் 4-க்குப் படிக்கிறா. காலேஜ் முடிச்சு ஒரு வருஷம் நானும் அதுக்குப் படிச்சவன்தான். ஆறாம் வகுப்புல இருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழ், சமூக அறிவியல் பாடப் புத்தகங்கள் எல்லாம் வேளச்சேரியில என் ரூம்ல, கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. "அனுப்பி விடுண்ணா"ன்னு கேட்டா. பக்கத்துல இருந்த ஒரு கூரியர் கடையில எடை போட்டேன். நாலரைக் கிலோ. அவங்க சொன்ன தொகையைக் கேட்டதும், "அப்புறம் பாத்துக்கலாம்"னு மூட்டையைத் திருப்பித் தூக்கிட்டு வந்துட்டேன். அந்த 'அப்புறம்' மூணு வாரம் ஆயிடுச்சு.

பிரச்சினை ரேட்ல இல்ல. "எது சீப்?"னு மட்டும் கேட்டேன் பாருங்க, அதுலதான். இன்புட் கொடுக்காம அவுட்புட் கேட்டா எப்படி? கேக்க வேண்டியது மூணு கேள்வி.

ஒண்ணு: உள்ள என்ன இருக்கு?

தபால்ல பேப்பர், புத்தகம், பொருள் மூணுக்கும் தனித்தனி ரேட். பாடப் புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம், கலாச்சார, ஆன்மிகப் புத்தகங்களுக்குன்னே 2025 மே மாசம் அஞ்சல் துறை 'கியான் போஸ்ட்'னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. டிராக்கிங்கும் உண்டு. அச்சடிச்ச புத்தகமா இருக்கணும், பதிப்பாளர் இல்லன்னா அச்சகத்தோட பேர் அதுல இருக்கணும். வார இதழ், மாத இதழ், விளம்பரம் இதெல்லாம் சேராது. கவர் மேல 'கியான் போஸ்ட்'னு எழுதுங்க. டேப் ஒட்டுறதுக்கு முன்னாடி கவுண்டர்ல ஒரு தடவை காட்டிடுங்க.

ரெண்டு: எடை எந்தப் படியில நிக்குது?

தபால் கட்டணம் ஆட்டோ மீட்டர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏறாது. படிக்கட்டு மாதிரி தாவும். 2025 அக்டோபர்ல வந்த ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தையே எடுத்துக்குங்க. வெளியூருக்கு டாக்குமெண்ட் அனுப்பினா 50 கிராம் வரைக்கும் 47 ரூபாய். மதுரைக்கும் அதேதான், டெல்லிக்கும் அதேதான். அதைத் தாண்டினா தூரமும் கணக்குல வந்துடும். சென்னையில இருந்து மதுரைக்கு 250 கிராம் வரை 63 ரூபாய், 251 கிராம் ஆனா 75. எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி தனி.

ஒரு 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 5 கிராம். பத்துத் தாளே 50 கிராம், கவரோட சேர்த்தா அடுத்த படிக்குப் போயிடும். ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்தா அஞ்சு தாள்தான். மாணவர்களுக்கு ஸ்பீட் போஸ்ட்ல 10 சதவீதம் தள்ளுபடியும் இருக்கு. கேட்டு வாங்குங்க.

பொருளா இருந்தா பெட்டி சைஸையும் பாக்கணும். நிறைய கூரியர்கள்ல நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல அளந்து, பெருக்கி, 5000-ஆல வகுப்பாங்க. 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டின்னா 4.8 கிலோ கணக்கு. உள்ள ஒரு கிலோ பொம்மை மட்டும் இருந்தாலும் 4.8 கிலோவுக்குத்தான் காசு. ஆன்லைன்ல ஏதோ வாங்கினப்போ வந்த பெரிய டப்பாவையே திருப்பி யூஸ் பண்ணி மிச்சம் பிடிக்கிறோம்னு நினைப்போம். அதுல காத்துக்கும் சேர்த்துதான் காசு கட்டுறோம்.

மூணு: எவ்வளவு அவசரம், தொலைஞ்சா என்ன ஆகும்?

கியான் போஸ்ட் தரைவழியாத்தான் போகும். பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்குன்னா அதை நம்பி உக்காராதீங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்னா அஞ்சு, பத்து ரூபாய்க்குக் கணக்குப் பாக்காதீங்க. ரெஜிஸ்டர்டு போஸ்ட் 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட இணைஞ்சிடுச்சு. இப்போ ஸ்பீட் போஸ்ட்லயே 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடக் கட்டினா ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்கும். யாருக்கு அனுப்புறீங்களோ அவங்க கையிலயே போய்ச் சேரும்.

இந்த மூணையும் வச்சு என் மூட்டையைப் பிரிச்சேன். பாடப் புத்தகம் எல்லாம் கியான் போஸ்ட். நாலரைக் கிலோவுக்கு 100 ரூபாயும் வரியும். மிச்சம் இருந்தது நான் கையால எழுதின நோட்டு ரெண்டு. அது அச்சடிச்ச புத்தகம் இல்ல, அதனால கியான் போஸ்ட்ல போகாது. தொலைஞ்சா திரும்பக் கிடைக்காது. ஸ்பீட் போஸ்ட்ல போடலாம்னு கிளம்பும்போதுதான் தோணுச்சு: அவளுக்கு வேண்டியது நோட்டா, அதுல இருக்கறதா? போன்ல ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். செலவு பூஜ்யம்.

புத்தகம் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணா. அந்த மூணு வாரமும் தினமும் பஸ் ஏறி லைப்ரரிக்குப் போய்ப் படிச்சிருக்கா. கவர்ல இருந்த ரேட்டைப் பாத்துட்டுக் கேட்டா: "ஏண்ணா, நூறு ரூபா வேலைக்கா இத்தனை நாள்?"

பதில் சொல்ல முடியல. அவ பஸ் செலவே அதைவிட அதிகம். என் கணக்குல நான் அதைச் சேர்க்கவே இல்ல.

உங்க கட்டிலுக்கு அடியிலயும் இப்படி ஒரு மூட்டை இருந்தா, இந்த வாரமே எடை போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.